சின்ன டவுனில் கலைவிழா: ஜார்ஜ்டவுனைப் பார்த்து எதைக் கற்கலாம், எதை விடலாம்?

தைப்பிங்_மழைக்காரன்:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தைப்பிங் பழைய டவுனில் ஒரு வார இறுதியில் மூன்று நாள் கலைவிழா நடத்தலாம் என்று நாங்கள் கொஞ்சம் பேர் பேசி வருகிறோம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் குழுவில் உண்டு. ஊருக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஏரிப் பூங்கா இருக்கிறது, 1883-ல் தொடங்கிய அரும்பொருளகம் இருக்கிறது, நாட்டின் முதல் ரயில் 1885-ல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்குப் போனது. இவ்வளவு இருந்தும் வெளியூர்க்காரர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பினாங்குக்கோ ஈப்போவுக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

குழுவில் பாதிப் பேர், "ஜார்ஜ்டவுன் மாதிரி நாலு சுவரில் படம் வரைந்துவிட்டால் கூட்டம் தானாக வரும்" என்கிறார்கள். மற்றவர்களுக்கு அதே கூட்டத்தை நினைத்துத்தான் பயம். வாடகை ஏறும், பழைய கடைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நடக்கும் கலைவிழாவைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த விழாவால் டவுனுக்கு நல்லது நடந்ததா, கெட்டதா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சூலியா_தெரு:

நல்லதுதான், சந்தேகமே வேண்டாம். நான் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) ஒன்றில் சின்னத் தங்கும் விடுதி நடத்துகிறேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சுயநலம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

1969-ல் பினாங்குக்கு இருந்த தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி போனது. அன்றிலிருந்தே டவுன் தேய ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் அந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் போனார்கள். 2000-க்குப் பிறகு வரிசையாகக் கடைவீடுகள் பூட்டிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, சாப்பிடுவதற்கு விற்கும் பறவைக்கூடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் குடியிருந்த மாடி அது! 2013 முடிவதற்குள் அவற்றையெல்லாம் காலி செய்ய வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது.

2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. அதை ஒட்டி 2010-ல் விழா ஆரம்பமானது. ஜோ சிடேக் இயக்குநராக இருந்து 2018 வரை நடத்தினார். அவர் செய்த பெரிய காரியம், மண்டபத்துக்குள் இருந்த கலையைத் தெருவுக்கும் கொங்சி (சீனர் குலச்சங்க வீடு) முற்றத்துக்கும் பழைய பங்களாவுக்கும் கொண்டுவந்ததுதான். 2012 விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகரேவிச் சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் சுவரில் ஒரு நிஜ சைக்கிளைப் பொருத்தி, அதன் மேல் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருப்பது போல வரைந்தாரே, அதைத் தெரியாதவர் இன்று யார்? பினாங்குப் பிள்ளைகளே பல வருடங்களுக்குப் பிறகு அந்தத் தெருக்களில் நடந்தார்கள். டவுனுக்கு உயிர் வந்தது.

கடைத்தெரு_மகன்:

> டவுனுக்கு உயிர் வந்தது.

அதற்கு முன் நாங்கள் செத்தா கிடந்தோம்? லிட்டில் இந்தியா பக்கம் எப்போதும் உயிரோடுதான் இருந்தது ஐயா. லெபோ பாசாரில் பூக்கட்டுகிறவர், நகைப்பட்டறைக்காரர், மளிகைக்காரர், துணிக்கடைக்காரர் என்று எல்லாரும் காலையில் கதவைத் திறந்து இரவில் சாத்திக்கொண்டுதான் இருந்தார்கள். விடுதிக்காரருக்கு ஆள் வராத தெரு என்றால் செத்த தெரு போலிருக்கிறது.

எங்கள் அப்பா ஒரு சந்தில் வாடகைக் கடைவீட்டில் கீழே தையல், மேலே குடித்தனம் என்று இருந்தார். வீடு கைமாறியது. புது உரிமையாளர் சொன்ன வாடகையில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்க முடியாது. இப்போது அந்த வீட்டில் காப்பிக்கடை. ஒரு காப்பி என்ன விலை என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். சுவர் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

தைப்பிங் நண்பரே, படம் வரைவதற்கு முன் அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர் உரிமையாளரா, வாடகைக்காரரா என்று கேளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

செங்கல்சுண்ணாம்பு:

இரண்டு பேரும் விழாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கணக்கு எழுதுகிறீர்கள், ஒருவர் வரவில், மற்றவர் செலவில். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் பெரும்பாலானவை அந்த வகை. வாடகை மிகக் குறைவு. அதனால் உரிமையாளர் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்ற மாட்டார். ஆனால் அதே காரணத்தால் தையல்காரரும் ஊதுபத்தி உருட்டுபவரும் டவுன் நடுவில் குடியிருக்க முடிந்தது. 1997-ல் ரத்துச் சட்டம் வந்தது. இடையில் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு அடியோடு போனது. வாடகை பல மடங்கு ஏறியது, ஆட்கள் வெளியேறினார்கள். சூலியா_தெரு பார்த்த பூட்டிய வீடுகள் அப்படிக் காலியானவைதான். அப்போது விழாவும் இல்லை, சைக்கிள் படமும் இல்லை.

பிறகு 2008-ல் யுனெஸ்கோ பட்டியல். பெயர் வந்ததும் வெளிப்பணம் வந்தது. வரிசை வீடுகளை மொத்தமாக வாங்கி ஓட்டல் ஆக்கினார்கள். 2009 கணக்கில் பாரம்பரியப் பகுதிக்குள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். 2013-ல் எடுத்தபோது 9,400 அளவில் நின்றது. ஊர் களைகட்டிவிட்டது என்று எல்லாரும் சொன்ன அதே நாலு வருடம். விழா இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விழாவின் சுவரொட்டியில் இருந்த டவுனில் ஆள் குறைந்துகொண்டிருந்தது என்பதை விழா எங்கேயும் உரக்கச் சொன்ன மாதிரி எனக்கு நினைவில்லை.

இன்னொன்று, இது என் தொழில் சங்கதி. பழைய கடைவீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சு வழியாகத்தான் வெளியே போகும். அதன் மேல் பிளாஸ்டிக் வகை பெயிண்டைப் பட்டையாக அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பூச்சோடு பெயர்ந்து விழும். தைப்பிங்கில் பெய்கிற மழைக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். படம் போனால் போகட்டும், சுவர் போனால் கட்டித் தர சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

உறுமி_பட்டர்வொர்த்:

வாடகை, சுண்ணாம்பு எல்லாம் பேசுங்கள். கலைவிழா என்று தலைப்பு வைத்துவிட்டுக் கலைஞனைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

நான் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறேன். தைப்பூசம் என்றால் பினாங்கு டவுன் முழுக்க எங்கள் சத்தம்தான். நான் போன வருடங்களில் ஜார்ஜ்டவுன் விழாவில் வெளிநாட்டு நடனம் பார்த்தேன், கயிற்றில் தொங்கும் சர்க்கஸ் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, கைதட்டினேன். நம்மவர் பங்கு என்று பார்த்தால் பரதநாட்டியம் இருக்கும், சில சமயம் சாஸ்திரிய சங்கீதம் இருக்கும். உறுமியை நான் அந்த மேடையில் பார்க்கவில்லை. மலேசியாவில் தோட்டத்துப் பிள்ளைகள், அடுக்குமாடிப் பிள்ளைகள் தானாகத் தேடிப் போய்க் கற்கிற கலை எது என்று கேட்டால் அதுதான். ஆனால் நம் ஆட்களே அதைச் "சத்தம்" என்பார்கள். போலீஸ் பர்மிட் கேட்கப் போனால் அங்கேயும் அதே சொல்.

சரி, கூப்பிடுகிறவர்களும் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? "தம்பி, உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும், ஒரு அரை மணி நேரம் வந்து அடித்துவிட்டுப் போங்கள்." மேடைக்காரருக்குக் காசு, ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு, ஒட்டுக்கடைக்காரருக்கு வியாபாரம், அடிக்கிறவனுக்கு மட்டும் விளம்பரமும் ஒரு பொட்டலம் மீகோரெங்கும் (வறுத்த மீ). தைப்பிங்காரரே, உங்கள் பட்ஜெட்டில் உள்ளூர்க் கலைஞர் சம்பளம் என்று ஒரு வரி இருக்கிறதா?

தைப்பிங்_மழைக்காரன்:

உண்மையைச் சொன்னால் அப்படி ஒரு வரி இல்லை. ஒலி ஒளி, கூடாரம், சுவரொட்டி, "சிறப்பு விருந்தினர்" என்று இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். பெயிண்ட் விஷயமும் எங்களுக்குப் புதுச் செய்தி.

டீச்சர்_புக்கிட்மெர்தாஜம்:

ஜார்ஜ்டவுனில் விழா என்றால் எல்லாரும் ஒரே விழாவைத்தான் சொல்கிறீர்கள். அங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று நீங்கள் பேசும் கலைவிழா. மற்றது ஜூலை 7-ஐ ஒட்டி நடக்கும் பாரம்பரியக் கொண்டாட்டம். அதை ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் நடத்துகிறது. பினாங்கில் அன்றைக்குப் பொது விடுமுறை. நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு போவது இரண்டாவதற்குத்தான்.

அங்கே மேடை முக்கியமில்லை. தெருவை அடைத்துவிட்டு ஒவ்வொரு சமூகமும் தங்கள் இடத்தில், கோயில் வாசலிலோ கொங்சி வாசலிலோ பள்ளிவாசல் பக்கத்திலோ, தாங்கள் செய்வதைச் செய்து காட்டுவார்கள். வருகிறவர் உட்கார்ந்து செய்து பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் ஒரு வருடம் மாலை கட்டக் கற்றார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கே அது வரவில்லை, பக்கத்தில் இருந்த சீனப் பையன் நாலு முடிச்சு சரியாகப் போட்டுவிட்டான், ஒரே சிரிப்பு. பூக்கடை அம்மா அன்று வாத்தியார்! மறுநாள் அதே அம்மா அதே இடத்தில் பூ விற்றுக்கொண்டிருப்பார். நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

பிள்ளைகளை வைத்துச் செய்ததில் ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பையும் சொல்ல வேண்டும். விழாக்களுக்கு எல்லாம் முன்பிருந்தே டவுன் பிள்ளைகளைத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போய், கைத்தொழில்காரர்களிடம் பேச வைத்து, அதிலிருந்து நாடகம், வரைபடம், சிறு நூல் என்று செய்ய வைத்தார்கள். மூன்று நாள் விழாவுக்கு முன் ஆறு மாதம் இப்படி ஒரு வேலை நடந்தால், விழாவில் என்ன காட்டுவது என்ற கேள்வியே வராது.

உறுமி தம்பிக்கு ஒன்று. உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஜார்ஜ்டவுனில் தமிழ்க் கலைக்கு மேடை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1894-லிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளித் தேர் தைப்பூசத்துக்குப் புறப்படுகிறது. 2017-லிருந்து பினாங்கு இந்து அறவாரியத்தின் தங்கத் தேர் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. விஜயதசமிக்கு அதே கோயிலின் தேர் லிட்டில் இந்தியாவைச் சுற்றும். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மேளம், சீனர்கள் உடைக்கும் தேங்காய். இயக்குநர் இல்லாமல், கையேடு அச்சிடாமல் நடக்கும் தெருவிழா இது.

உறுமி_பட்டர்வொர்த்:

டீச்சர், தைப்பூசம் எங்கள் வேண்டுதல். அதைக் கணக்கில் எழுதிவிட்டு, "உங்களுக்குத்தான் ஏற்கனவே இருக்கிறதே" என்று கலைவிழாவில் கதவைச் சாத்தக் கூடாது. கோயிலில் அடிக்கிறவனும் கலைஞன் என்று மேடையில் ஏற்றிக் காசு கொடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

சூலியா_தெரு:

கடைத்தெரு_மகனின் அப்பா கதைக்கு வருந்துகிறேன், நிஜமாகவே. ஆனால் செங்கல்சுண்ணாம்பு சொன்னதைக் கவனியுங்கள். காலி செய்தது சட்டம். நாங்கள் விடுதி திறந்தபோது அந்த வீட்டில் கூரையில் மரம் முளைத்திருந்தது. யாரையும் வெளியேற்றி நான் உள்ளே வரவில்லை. திங்க் சிட்டி என்ற நகர்ப் புதுப்பிப்பு நிறுவனம் 2009-ல் தொடங்கிக் கடைவீடுகளைப் பழுதுபார்க்க மானியம் கொடுத்தது. என்னைப் போன்றவர்கள் கடனும் வாங்கித்தான் கூரையைப் போட்டோம். விருந்தாளி வராவிட்டால் அந்தக் கூரை மறுபடி விழும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சுவர்ப்படம் என்று எல்லாரும் திட்டும் அதே ஊரில் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள் 52 இருக்கின்றன, தெரு மூலைகளில். சகரேவிச்சுக்கு முன்பே மாநில அரசு போட்டி வைத்துத் தொடங்கிய வேலை. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்லும். பேர்போன காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய இடம் முந்திரி தெருவில் என்று அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். சுவரும் கெடாது, சைக்கிள் மாதிரி வரிசையும் நிற்காது.

கடைத்தெரு_மகன்:

முண்ட்ரி தெரு ஐயா, முந்திரி இல்லை. :)

கம்பிச் சித்திரம் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதில் இருக்கும் தொழில்கள் தெருவில் மிச்சம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நீங்கள் யாரையும் வெளியேற்றவில்லை என்பதையும் நம்புகிறேன். என் கேள்வி அடுத்த சுற்றைப் பற்றி. 2000-ல் தாக்குப்பிடித்து நின்றவர்கள் இருந்தார்கள். ஆர்மேனியன் தெருப் பக்கம் வீடும் தொழிலும் ஒன்றாக வைத்திருந்தவர்கள். 2012-க்குப் பிறகு அவர்கள் வாசலில் என்ன நடந்தது? காலை முதல் இரவு வரை சைக்கிள் படத்துக்கு வரிசை, பக்கத்தில் அதே படத்தைப் போட்ட டி-சர்ட், காந்தம், குடை விற்கும் கடைகள். வாடகை கூட்ட உரிமையாளருக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? சட்டம் கதவைத் திறந்தது என்றால் கூட்டத்தை உள்ளே அனுப்பியது யார்?

சியூ ஜெட்டியையும் பாருங்கள். தண்ணீர் மேல் மரக்கால் ஊன்றிக் குடியிருக்கும் குடும்பங்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள். "படம் எடுக்காதீர்" என்று எழுதி மாட்டும் நிலைக்கு வந்துவிட்டது.

மாதுங்கா_வாசி:

மும்பையிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கே காலா கோடா கலைவிழா 1999-ல் தொடங்கியது, பெரும்பாலும் பிப்ரவரியில் ஒன்பது நாள் நடக்கிறது. அனுமதி இலவசம். தென் மும்பையில் ஜஹாங்கீர் கலைக்கூடம், டேவிட் சசூன் நூலகம், பெரிய அருங்காட்சியகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்னப் பகுதி. விழாவை நடத்தும் காலா கோடா சங்கம் அந்தப் பகுதிக் கட்டடங்களையும் நடைபாதைகளையும் சீர்படுத்துவதற்காகத் தொடங்கியது. விழா வருமானம் அந்த வேலைக்குப் போகிறது. எட்வர்டு மன்னர் கருங்குதிரை மேல் உட்கார்ந்திருந்த சிலையை 1965-ல் பைகுல்லா பூங்காவுக்குத் தூக்கிவிட்டார்கள், குதிரை போனாலும் காலா கோடா, அதாவது கருங்குதிரை, என்ற பெயர் நின்றது. 2017-ல் மன்னர் இல்லாமல் குதிரையை மட்டும் புதிதாக வைத்தார்கள்.

ஆனால் இங்கே வாடகைச் சண்டை உங்கள் அளவுக்கு வரவில்லை. காரணம் எளிது. அது அலுவலகமும் நூலகமும் நீதிமன்றமும் இருக்கும் இடம், குடியிருப்பவர் குறைவு. தாராவியிலோ மாதுங்காவிலோ இதே விழாவை நடத்தினால் இதே பேச்சு வந்திருக்கும். தைப்பிங்காரர் எதை நகல் எடுப்பது என்று பார்க்கும்போது, அந்த ஊரில் இரவு யார் தூங்குகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. சனி ஞாயிறு மாலைகளில் காலா கோடாவில் நகர முடியாது. கலையைப் பார்க்க வந்தவர் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்.

செங்கல்சுண்ணாம்பு:

மாதுங்கா நண்பர் சொன்ன "யார் தூங்குகிறார்கள்" என்பதுதான் சரியான அளவுகோல். யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனுக்குக் கொடுத்த மதிப்பும் கட்டடத்துக்கு மட்டும் இல்லை. பல மதம், பல இனம், பல தொழில் ஒரே இடத்தில் வாழ்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான். கபித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் சில நிமிட நடை. அவற்றுக்கு நடுவில் தூங்கி எழுகிற ஆள் போய்விட்டால் மிச்சம் இருப்பது நன்றாக வெள்ளையடித்த வெற்றுக் கூடுகள்.

ஈப்போவைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். 2014-ல் ஒரு காப்பி நிறுவனம் செலவு செய்து அதே சகரேவிச்சை வைத்து ஈப்போ பழைய டவுனில் வரைந்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் சுவர்ப்படம். இன்று எந்தச் சின்ன டவுனுக்குப் போனாலும் ஊஞ்சல் ஆடும் குழந்தை, மீன் பிடிக்கும் தாத்தா, பெரிய பூனை. தைப்பிங்கில் இன்னொரு பூனை வரைந்தால் அதைப் பார்க்கவென்று யார் கிளம்பி வரப்போகிறார்கள்? சகரேவிச்சின் முதல் படங்கள் வேலை செய்ததற்குக் காரணம் அவை அந்தத் தெருவிலேயே கிடந்த சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஜன்னலையும் எடுத்துக்கொண்டன. நகல் எடுத்தவர்கள் பெயிண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நெறியாளர்:

அரசியல் கட்சிகளை இழுத்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் எந்தச் சுவர் என்பதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

தைப்பிங்_மழைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று குழு கூடியது. இந்த இழையை அச்சடித்து எடுத்துப் போனேன், ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்!

நடந்தது இது. மூன்று நாள் வேண்டாம், ஒரு சனிக்கிழமை மாலை போதும். இரண்டு தெரு மட்டும். சுவர்ப்படம் இந்த வருடம் கிடையாது. இதற்குத்தான் பெரிய சண்டை. ஒருவர், "படம் இல்லாமல் பேஸ்புக்கில் எதைப் போடுவது?" என்று எழுந்தே போய்விட்டார். திரும்பி வருவார் என்று நினைக்கிறேன். உள்ளூர்க் கலைஞர் சம்பளம் பட்ஜெட்டில் முதல் வரியாக ஏறிவிட்டது. "சிறப்பு விருந்தினர்" வரியிலிருந்து அடித்து எடுத்தோம்.

கடைத்தெரு_மகன் கேட்ட கேள்வியை வைத்து அந்த இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போகப் போகிறோம். உரிமையாளர் யார், வாடகைக்காரர் யார், ஒப்பந்தம் எத்தனை வருடம், அவர்களுக்கு என்ன தெரியும், விழா அன்று வாசலில் என்ன செய்யத் தயார், எல்லாம் எழுதிக்கொள்வோம். இரண்டு சந்தேகங்கள் மட்டும். ஒன்று, உரிமையாளர்களிடம் "விழா வைக்கிறோம், வாடகை கூட்டாதீர்கள்" என்று எப்படிக் கேட்பது? இரண்டு, சாலையை அடைக்க யாரிடம் போவது?

கடைத்தெரு_மகன்:

முதல் கேள்விக்கு நேர் பதில்: அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். வாய்வார்த்தையாக யாரும் வாடகையைப் பிடித்து வைக்க மாட்டார்கள். ஆனால் கோயில், கொங்சி, வக்ஃபு, பள்ளிவாசல் என்று அறக்கட்டளைகளுக்குச் சொந்தமான வீடுகள் இருக்கும். அவர்களிடம் முதலில் போங்கள். ஜார்ஜ்டவுனில் பழைய வாடகைக்காரர்கள் இன்னும் நிற்கும் இடங்களில் பல அப்படிப்பட்ட வீடுகள்தான். அவர்களிடம் நீண்ட கால ஒப்பந்தம் எழுதிக் கேட்கலாம், ஊர்ப் பெயருக்காகவாவது யோசிப்பார்கள். விழாவை அந்த வீடுகள் இருக்கும் பக்கத்தில் வையுங்கள். தனியார் வீடுகள் இருக்கும் பக்கம் கூட்டத்தைத் திருப்பாதீர்கள். என் அப்பா காலத்தில் யாராவது இதை யோசித்திருந்தால் என்று தோன்றுகிறது, விடுங்கள்.

சூலியா_தெரு:

இதில் நான் கடைத்தெரு_மகனோடு ஒத்துப்போகிறேன், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: நகராண்மைக் கழகம், போலீஸ் இரண்டு இடத்திலும் எழுத்து அனுமதி வேண்டும். அதற்கு முன் கடைக்காரர்களிடம் போய்ச் சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள். பினாங்கில் 2011 இறுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பீச் தெருவைக் கார்கள் வராமல் அடைத்தார்கள். அங்கே வங்கிகள், அலுவலகங்கள். ஞாயிறு எல்லாம் மூடியிருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. சனிக்கிழமை மளிகைக்கடைத் தெருவை அடைத்தால் அன்றைக்கே விழாவை வெறுத்துவிடுவார்கள்.

கழிப்பறை. இதை யாரும் திட்டத்தில் எழுத மாட்டார்கள். கடைசியில் காப்பிக்கடைக்காரர் தலையில் விடியும். அவருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்துக் கழுவ ஆளும் போட்டுவிடுங்கள்.

டீச்சர்_புக்கிட்மெர்தாஜம்:

பள்ளிகளை இப்போதே பிடியுங்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி மூன்றிலிருந்தும் பிள்ளைகளைக் கலந்து குழு போடுங்கள். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் அவர்களும் வரட்டும். பெரியவர்களிடம் வாயைத் திறக்காத கடைக்காரர் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசுவார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் உங்கள் ஊரில் இருக்குமே, அவர்களையும் விட்டுவிடாதீர்கள். தேர்வு மாதத்தில் மட்டும் விழா வைக்க வேண்டாம்.

உறுமி_பட்டர்வொர்த்:

சம்பளம் முதல் வரியில் ஏறியதாமே, அப்படியென்றால் நாங்கள் வருகிறோம். குழுவுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று தனிச்செய்தியில் பேசிக்கொள்வோம். ஒரு நிபந்தனை: கடைசியில் கூட்டம் கலையும்போது எங்களை ஏற்றாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வையுங்கள், ஆசைப்பட்டவன் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும்.

அப்புறம், உங்கள் ஊர் மழை. ஈரம் பட்டால் உறுமித் தோல் தளர்ந்துவிடும், சத்தமே வராது. மேடை கூட வேண்டாம், ஐந்தடிக்குள்ளே (கடைவீட்டு முன்புற நடைபாதை) கூரைக்குக் கீழ் பத்துப் பேர் நிற்க இடம் பார்த்து வையுங்கள்.